அழிக்க இயலாத நாள்

2013-இல் ரிச்சர்டு கர்ட்டிஸ் இயக்கிய 'அபவுட் டைம்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் அன்றாட வாழ்வின் அருமையை உணர்த்துகிறதெனப் பலரும் போற்றுகின்றனர். அப்புகழ்ச்சியில் பாதியையே நாம் ஏற்கிறோம்.

இருபத்தொரு வயதான டிம், தன் குலத்து ஆண்கள் கடந்த காலத்திற்குத் திரும்ப வல்லவரெனத் தந்தை வழியே அறிகிறான். இருட்டறையில் நின்று கைகளை இறுக மூடினால் போதும். மேரியின் முன் தடுமாறியவற்றை அழித்துவிட்டு மீண்டும் செம்மையாக நடந்துகொள்கிறான். அவளோ ஏதும் அறியாள். இதனையா காதல் என்பது? தவறே இல்லாதாகும்போது மன்னிப்புக் கேட்கும் தாழ்மைக்கும், மன்னிக்கும் பெருமைக்கும் இடமேது?

சகோதரிக்கு நேர்ந்த விபத்தை அழித்தபோதோ, அவனது மகள் இருந்த இடத்தில் வேறொரு குழந்தை இருந்தது. அழித்ததை மீண்டும் பழையபடியாக்கினான். சகோதரியோ, படுக்கையருகே அமர்ந்து பேசிய உறவுகளின் அன்பினாலேயே மீண்டெழுந்தாள். படத்தின் மெய்யான பாடம் இதுவே. போற்றுவோர் காணத் தவறுவதும் இதுவே.

ஒவ்வொரு நாளையும் இருமுறை வாழுமாறு தந்தை மகனுக்கு அறிவுறுத்துகிறார். புனித லொயோலா இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனையில் நாமும் கழிந்த நாளுக்குத் திரும்புகிறோம். அழிப்பதற்கன்று, நன்றி கூறவும் மனம் வருந்தவும். டிம் இருட்டறைக்குள் நுழைந்தது தவற்றை மறைக்க. நாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாடுவது அதை வாய்விட்டுச் சொல்ல.

இன்று இல்லத்தில் நாம் உதிர்த்த கடுஞ்சொல் அழியாது. ஆயினும், உறங்குமுன் மன்னிப்புக் கேட்கலாம் அன்றோ?