உள்ளத்துக்குத் தேர்வு! உடலுக்குப் பூட்டு!

பிறப்புப் பதிவேட்டில் ஆண் என்று எழுதப்பட்ட ஒருத்தி, தான் பெண் என்கிறாள். ஊர் நகைக்கிறது. வீடு விரட்டுகிறது. இத்தனைக்கும் தப்பி மருத்துவமனை வாயிலை அடைந்தால், அங்கே ஒரு மேசை. மேசைக்குப் பின்னே ஒரு மருத்துவர். அவர் வாயில் ஒரு வினா: நீ பெண் என்பதற்குச் சான்று எங்கே?

சான்றாம், சான்று! நெஞ்சுக்கு முத்திரைத்தாள் கேட்கும் நீதி எந்நாட்டு நீதி என்று வினவுகிறோம்.

உடல் ஒன்று சொல்ல, உள்ளம் வேறொன்று சொல்ல, இடையில் கிடந்து துடிக்கும் துயருக்கு ஜெண்டர் டிஸ்போரியா என்று மருத்துவ ஏடுகள் பெயர் சூட்டியுள்ளன. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இத்தகையோரைத் தன் நோய்ப் பட்டியலில் ஏற்றியது. 2013-ல், அடையாளம் நோயன்று, அதனால் விளையும் துயரே மருத்துவத்திற்குரியது என்று திருத்திக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமோ, 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த தன் பதினோராம் பட்டியலில், மனநோய்ப் பகுதியிலிருந்தே இதனை அகற்றிப் பாலியல் நலம் பற்றிய பகுதியில் வைத்துவிட்டது. மனநோயன்று என்று உலகே ஒப்பிவிட்டது. ஆயினும் மனநோய் மருத்துவரின் கையொப்பம் மட்டும் கட்டாயமாம்! நோய் போயிற்று, சீட்டு போகவில்லை.

பள்ளியில் பாடம் நடத்தும் நமக்குத் தேர்வின் இயல்பு தெரியும். வினாத்தாள் மாறாது என்றால் மாணவன் பாடநூலைத் தொடமாட்டான். கோனார் உரையை உருப்போடுவான். அமெரிக்காவில் நடந்ததும் அதுவே. 1966-ல் ஹாரி பெஞ்சமின் என்ற மருத்துவர் இத்தகையோரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை இவர்களுக்கென ஒரு பிரிவைத் திறந்தது. சிகிச்சை நாடி வந்தோர் அந்நூலைப் படித்தார்கள். எவ்விடை சொன்னால் கதவு திறக்குமோ அவ்விடையைச் சொன்னார்கள். எல்லாரும் ஒரே கதை சொல்கிறார்களே என்று வியந்த மருத்துவர்கள், அக்கதையையே இலக்கணமாக்கினார்கள். கேட்டவர் விரும்பியதைச் சொன்னவர் சொன்னார். சொன்னவர் சொன்னதைக் கேட்டவர் அறிவியல் என்றார்!

உண்மை பேசியவரின் கதி? லூ சல்லிவன் என்பார், பெண் என்று பதியப்பட்ட ஆண்; ஆண்களையே விரும்பிய ஆண். அதை அவர் மறைக்கவில்லை. ஆணாக வாழ விழைவோர் பெண்ணைத்தான் விரும்ப வேண்டும் என்பது அந்நாளைய எழுதாச் சட்டம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் திட்டம் அவரை ஏற்க மறுத்தது. பொய்யுரைத்திருந்தால் தேறியிருப்பார். 1991-ல் மறையும் வரை அவ்விதியை எதிர்த்துப் போரிட்டார்.

காலம் மெல்ல நகர்ந்தது. 2011-ல் பிறப்புறுப்பு அறுவைக்கு இரண்டு மதிப்பீட்டுக் கடிதம் கேட்ட பன்னாட்டு மருத்துவ நெறிகள், 2022-ல் ஒன்று போதும் என்றன. அர்ஜென்டினா 2012-லேயே சட்டம் இயற்றி, வயது வந்தவர் அறிந்து தரும் ஒப்புதலே போதும் என்றது.

நம் நாட்டில்? 2008-ல் நல வாரியம் கண்ட மாநிலம் இது. அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி அறுவை செய்ய முன்வந்த மாநிலம். பெருமைதான், மறுக்கவில்லை. தன் பாலினத்தைத் தானே கூறும் உரிமை மனிதருக்கு உண்டு என்று 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனநலத்தின் பெயரால் இவர்களைத் "திருத்த" முயலும் மருத்துவத்தை 2021 சூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. ஆனால் மருத்துவமனையின் படி ஏற முடியாத திருநங்கைக்கு என்ன வழி? தாயம்மாவின் கத்தி! மயக்க மருந்தில்லை, தையலில்லை. குருதி நின்றால் உயிர், நில்லாவிட்டால் சாவு. கடிதத்திற்காக அலைக்கழிக்கும் ஒவ்வொரு நாளும் அக்கத்தியின் பக்கம் ஒருத்தியைத் தள்ளும் நாள் என்பதை அறிவாரா மேசைக்குப் பின் அமர்ந்தோர்?

மனநல மருத்துவரே வேண்டா என்கிறீரோ என்று சீறுவர் சிலர். இல்லை, தோழர்களே! விரட்டப்பட்டவளின் நெஞ்சில் சோர்வு இருக்கும், தற்கொலை எண்ணம் இருக்கும். அதற்கு மருந்தும் வேண்டும், ஆறுதலும் வேண்டும். டெஸ்டோஸ்டிரோனால் தடித்த குரல், மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆவதில்லை. மகப்பேற்றுக்கு என்ன வழி என்பதையும் முன்னரே பேசியாக வேண்டும். இவற்றை விளக்குவதும், விளங்கியதா என்று காண்பதும் மருத்துவர் கடன். அந்த மதிப்பீட்டை வரவேற்கிறோம். சிறுவயதில் யாரோடு விளையாடினாய், யாரை விரும்புகிறாய், ஏன் சேலை கட்டவில்லை என்று துருவும் மதிப்பீட்டையே வெறுக்கிறோம்.

பின்னர் வருந்தினால் என் செய்வது என்பர். வருந்துவோரும் உளர், மிகச் சிலர். அச்சிலரைக் காக்கத் தெளிந்த விளக்கமும் தொடர்ந்த துணையும் வேண்டும். பலரை வாயிலில் நிறுத்துவது காப்பாகாது. சிறுவர் பற்றிய வழக்கு வேறு. இங்கிலாந்தில் 2024 ஏப்ரலில் வந்த காஸ் அறிக்கை, சிறாருக்கான சிகிச்சையின் சான்றுகள் வலுவற்றவை என்றது. அதை மறுக்கும் மருத்துவரும் உளர். அவ்வழக்கைக் காட்டி முப்பது வயதுக்காரியின் கதவை அடைப்பது என்ன நேர்மை?

நாம் கேட்பது பெரிதன்று. மதிப்பீட்டுக்கு ஒரு நாள் குறியுங்கள்; அந்நாளிலேயே முடியுங்கள். மறுப்பதாயின் மறுப்பின் காரணத்தைத் தமிழில் எழுதி, கையொப்பமிட்டு, அவள் கையில் கொடுங்கள். அக்காரணத்தை வேறொரு மருத்துவரிடம் எடுத்துச் சென்று முறையிட அவளுக்கு வழி விடுங்கள்.