அடுத்த மவுசு எந்த மதுவுக்கு? விவசாயிக்கு உதவாத ஆரூடம்

ஒவ்வோர் ஆண்டும் தை பிறக்குமுன்னரே மேல்நாடுகளில் ஒரு பட்டியல் வெளியாகிவிடுகிறது. வரும் ஆண்டில் மக்கள் எந்த மதுவை விரும்பிக் குடிப்பார்கள் என்று மது கம்பெனிகளும் ஆலோசனை நிறுவனங்களும் சொல்லும் ஆரூடம் அது. ஓராண்டு ஜின் என்பார்கள். மறு ஆண்டு கற்றாழை மது. அதற்கடுத்து, பழச்சுவை ஊட்டிய சோடா மது. இப்போது போதையே இல்லாத பீர். குடிப்பவருக்கு இது பொழுதுபோக்கு, கம்பெனிக்கு வியாபாரம். அந்த மதுவுக்கு மூலப்பொருள் விளைவிக்கும் சிறு விவசாயி இதை நம்பி நிலத்தில் கன்று நட்டால் என்ன ஆகும் என்பதை மெக்சிகோ நாட்டில், ஹலிஸ்கோ மாநிலத்து மேட்டு நிலங்களில் போய்ப் பார்க்க வேண்டும்.

டெக்கீலா எனும் மது அந்தப் பகுதியில் பிறந்தது. கற்றாழையிலிருந்து வடிப்பது. நம் வீட்டுக் கொல்லையில் வளரும் சோற்றுக் கற்றாழை வேறு. இது ரயில் பாதை ஓரத்திலும் மானாவாரிக் காட்டு வேலியிலும் நிற்கும் ஆனைக் கற்றாழையின் இனம். நீலக் கற்றாழை என்கிறார்கள். மடல்களுக்கு நடுவே தரையோடு பருக்கும் தண்டில்தான் சர்க்கரைச் சத்து சேருகிறது. மடல்களைச் சீவி எடுத்தால் தண்டு ஒரு பெரிய அன்னாசிப் பழம் போல இருக்கும். 40 கிலோ எடை சர்வ சாதாரணம். அதை வேகவைத்து, நசுக்கி, சாறெடுத்து, புளிக்கவைத்து வடிக்கிறார்கள்.

சாகுபடி கடினமானதல்ல. தாய்ச் செடியின் அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து, ஏக்கருக்கு ஆயிரத்துக்குச் சற்று மேலாக நடுகிறார்கள். தண்ணீர் அதிகம் கேட்காது. முதல் இரண்டொரு வருடம் வரிசைகளுக்கிடையே மக்காச்சோளமும் பீன்ஸும் ஊடுபயிராகப் போடும் வழக்கமும் உண்டு. இந்தப் பயிர் கேட்பது காலம் ஒன்றைத்தான். நட்டு 6 முதல் 8 ஆண்டுகள் கழித்தே வெட்ட முடியும். ஒரு முறை வெட்டினால் தீர்ந்தது, மறுதாம்பு கிடையாது. சரி, முற்றிய பயிரை விலை வரும்வரை நிலத்திலேயே விட்டுவைக்கலாமே என்றால் அதுவும் நடவாது. பூந்தண்டு கிளம்பினால் சேர்ந்த சர்க்கரை அத்தனையும் அதற்குப் போய்விடும். ஆகவே பூந்தண்டை வெட்டிவிடுகிறார்கள். அப்படியும் நெடுநாள் தாங்காது, அழுகல் ஆரம்பிக்கும். நெல்லைக் குதிரில் கொட்டிவைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு இருக்கிற சௌகரியம்கூட இவனுக்கு இல்லை.

இப்போது விலையின் கதைக்கு வருவோம். 1990-களின் கடைசியில் கடும் பனியும் பூசண நோயும் நீலக் கற்றாழையைத் தாக்கின. எல்லாம் பக்கக் கன்றிலிருந்து வந்த ஒரே வம்சம் என்பதால் நோய் தோட்டம் தோட்டமாகப் பரவிற்று. அதே நேரத்தில் அமெரிக்காவில் டெக்கீலாவுக்குக் கிராக்கி ஏறிக்கொண்டிருந்தது. கிலோ ஒரு பெசோ அளவில் கிடந்த கற்றாழை, அடுத்த சில ஆண்டுகளில் 15 பெசோவை எட்டியது. (இன்றைய நிலவரப்படி ஒரு பெசோ ஏறத்தாழ நான்கைந்து ரூபாய்.) கற்றாழையைத் திருடர்கள் இரவோடிரவாக வெட்டிக்கொண்டு போனார்கள்; தோட்டத்துக்குக் காவல் போட வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் கன்று நட்டார்கள். அத்தனையும் ஒன்றாக முற்றியபோது விலை பழையபடி ஒரு பெசோ பக்கம் வந்து விழுந்தது. 2007-ல் சில விவசாயிகள் கற்றாழைக் காட்டுக்குத் தீ வைத்துவிட்டு மக்காச்சோளம் விதைத்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் மக்காச்சோளத்திலிருந்து மோட்டார் எரிபொருள் எடுக்கும் மோகம் வந்து சோள விலை ஏறியிருந்தது. ஒரு மோகத்திலிருந்து தப்பிக்க இன்னொரு மோகம்!

இதோடு முடிந்திருந்தால் அறியாமல் நடந்தது என்று விட்டுவிடலாம். விலை விழுந்ததால் நடவு குறைந்தது. 2011-ல் நட்டவை 1 கோடியே 77 லட்சம் செடிகள் மட்டுமே. அவை 2018-ல் வெட்டுக்கு வந்தபோது ஆலைகளுக்குத் தேவைப்பட்டதோ 4 கோடியே 20 லட்சம். விலை என்ன ஆயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2016-ல் கிலோ 4 பெசோவுக்கும் குறைவாக விற்ற கற்றாழை, 2018-ல் 22 பெசோ. நாலு வயதுப் பிஞ்சுச் செடிகளைக்கூட வெட்டி ஆலைக்கு அனுப்பினார்கள். அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளில் விலை 30 பெசோவைத் தொட்டது.

அந்த ஆண்டுகளில் டெக்கீலாவுக்கு இருந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் குளூனியும் அவர் நண்பர்களும் தொடங்கிய டெக்கீலா பிராண்டை 2017-ல் டியாஜியோ கம்பெனி 100 கோடி டாலர் வரை கொடுப்பதாகப் பேசி வாங்கியது. 2022-ல் அமெரிக்காவில் கற்றாழை மதுக்களின் விற்பனை வருமானம் அந்நாட்டின் சொந்த விஸ்கியையே முந்தியது. அதே 2022-ல் மெக்சிகோவில் சுமார் 65 கோடி லிட்டர் டெக்கீலா வடித்தார்கள். ஆரூடக்காரர்கள் எல்லோரும் இன்னும் ஏறும் என்றே எழுதினார்கள். விவசாயியும் நட்டான். ஆசிரியர் வேலையில் இருந்தவரும், கடை வைத்திருந்தவரும்கூட நிலம் பிடித்து நட்டார்கள்.

நடிகரின் பிராண்டு கைமாறிய ஆண்டில் நட்ட கன்று ஏழு வயதாகி 2024-ல் வெட்டுக்கு வந்தது. அப்போது கிடங்குகளில் தேங்கிக் கிடந்த டெக்கீலா 50 கோடி லிட்டருக்கும் மேல். ஏறக்குறைய ஓராண்டு உற்பத்தி. கற்றாழை விலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஆலையோடு ஒப்பந்தம் இல்லாதவர்கள் அதற்கும் கீழே கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள், அல்லது வெட்டாமலே விட்டார்கள். ஏக்கருக்கு ஆயிரம் செடி, செடிக்கு 40 கிலோ என்று வைத்துக்கொண்டால் 40 டன். 22 பெசோ விலையில் 8 லட்சத்து 80 ஆயிரம் பெசோ. 5 பெசோ விலையில் 2 லட்சம். ஏழாண்டு களையெடுப்பும், உரமும், மருந்தும், வட்டியும் இந்த 2 லட்சத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

ஆரூடம் பொய்த்துப்போனது என்று இதைச் சொல்ல முடியாது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். டெக்கீலாவுக்கு மவுசு வரும் என்றார்கள், வந்தது. ஆரூடம் பலித்தும் விவசாயி நஷ்டப்பட்டான். காரணம், குடிப்பவன் ரசனை இரண்டு மூன்று ஆண்டில் மாறும். கற்றாழை ஏழாண்டு நிற்கும். விலை ஏறியதைப் பார்த்து நடுகிறவன், தன்னைப் போலவே அதைப் பார்த்து நட்ட அத்தனை பேரோடும் ஒரே நாளில் சந்தைக்கு வருகிறான்.

விலை விழுந்த 2011-ல் துணிந்து நட்டவன் 2018-ல் லாபம் பார்த்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஏழாண்டு வேறு வருமானத்தில் காலம் தள்ளக் கூடியவனுக்கே அது கட்டும். இரண்டு ஏக்கர்க்காரன் கடனை வாங்கிக்கொண்டு இந்தச் சூதில் உட்கார முடியாது.

கம்பெனிக்குத் தப்பிக்க வழிகள் இருக்கின்றன. 1974 முதல் டெக்கீலா என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மெக்சிகோவின் ஐந்து மாநிலங்களில் குறித்த பகுதிகளில் விளைந்த நீலக் கற்றாழையிலிருந்துதான் எடுக்க வேண்டும். நம் ஊர் புவிசார் குறியீட்டுக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சட்டத்திலேயே, சர்க்கரைச் சத்தில் 51 சதவீதம் கற்றாழையிலிருந்து வந்தால் போதும், மீதி கரும்பு முதலியவற்றிலிருந்து இருக்கலாம் என்று ஒரு தரமும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. கற்றாழை விலை ஏறினால் ஆலை கரும்பு பக்கம் சாய்ந்துகொள்ளும். பிறகு, 2000 வாக்கில் ஏற்பட்ட பஞ்சத்தில் பாடம் கற்ற பெரிய ஆலைகள் சிறு விவசாயிகளின் நிலத்தைத் தாமே குத்தகைக்கு எடுத்து, தம் ஆட்களை வைத்துச் சாகுபடி செய்யத் தொடங்கின. நிலக்காரனுக்குக் குத்தகைப் பணம் வந்தது. ஆனால் சொந்த நிலத்திலேயே அவன் வேடிக்கை பார்ப்பவனானான்; வெளியே வாங்கும் தேவையும் ஆலைக்குக் குறைந்தது. பெயரைக் காத்த சட்டம் விவசாயியைக் காக்கவில்லை.

கம்பெனிகளும் தவறாகக் கணிப்பது உண்டு. அமெரிக்காவில் 2019-ல் சோடா மது பித்தம் தலைக்கேறியது. அது ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிய பாஸ்டன் பீர் கம்பெனி 2021-ல் விற்காத லட்சக்கணக்கான பெட்டிகளைக் கொட்டி அழிக்க வேண்டியதாயிற்று. நஷ்டம் பெரியதுதான். ஆனால் அடுத்த பருவத்துக்கு அதே தகர டப்பாவில் வேறு சரக்கை அடைக்க அதனால் முடியும். பீருக்குக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் கொடியை வளர்த்த அமெரிக்க விவசாயிகளோ 2021-ல் 60,000 ஏக்கர் வரை போய், 2024-ல் சுமார் 45,000 ஏக்கருக்கு இறங்கினார்கள். பிரான்சில் போர்டோ பகுதியில் ஒயின் விற்காமல் திராட்சைக் கொடிகளையே பிடுங்கிப்போட நேர்ந்தது. 2023-ல் பிடுங்குவதற்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவி அறிவித்தார்கள். பிடுங்கக்கூடப் பணம் கொடுக்கும் சர்க்கார் எல்லா விவசாயிக்கும் வாய்ப்பதில்லை.

நம் பக்கத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. தக்காணத்துக் காட்டுக் கற்றாழையிலிருந்து மது வடிக்கும் ஆலை ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தில் ஏற்பட்டு, சரக்கும் விற்பனைக்கு வந்திருக்கிறது. வேலியில் நிற்கும் கற்றாழையை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால், கன்று தருகிறோம், ஏழாண்டில் லட்சாதிபதி ஆகலாம் என்று யாராவது வந்தால் யோசிக்க வேண்டும். 2000-க்குப் பிறகு வெனிலா கொடியை நம்பித் தென்னிந்தியாவில் நட்டவர்களும், 2012-ல் பெருந்துறை ஈமு கோழியில் பணம் போட்டவர்களும் இந்தப் பேச்சைக் கேட்டவர்கள்தான். மதுவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் ஒன்றின் கையில். இங்கே விற்கும் சரக்கு எதுவானாலும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஒரே வாசல் உள்ள சந்தைக்கு ஏழாண்டுப் பயிர் வைப்பது எவ்வளவு ஆபத்து!

மதுவினால் விவசாயிக்கு வருமானமே கூடாது என்பதல்ல. கோவாவில் முந்திரிப் பழத்திலிருந்து பெனி வடிக்கிறார்கள். 2009-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே விவசாயி மரம் வைத்தது கொட்டைக்காக. பழம் உபரி. பெனிக்கு நாளை மவுசு போனாலும் முந்திரிப் பருப்பு விற்கும். நம் பண்ருட்டிப் பக்கம் அதே பழம் பெரும்பகுதி மரத்தடியில் அழுகுகிறது என்பது வேறு வருத்தம். ராஜஸ்தான், ஹரியானா பகுதிகளில் பீர் ஆலைகளுக்காக ஒப்பந்தத்தின் பேரில் பார்லி விதைக்கிறார்கள். அது ஐந்து மாதத்துக்குள் முடியும் பயிர். ஆலை கழித்துவிட்டாலும் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். அடுத்த பட்டத்தில் கோதுமைக்கு மாறிக்கொள்ளலாம். நீலக் கற்றாழையிலும் சர்க்கரைப் பாகு எடுக்கிறார்கள் என்றாலும், நாடு முழுதும் நட்டு நிற்கும் கற்றாழையைத் தாங்கும் அளவுக்கு அந்தச் சந்தை பெரிதல்ல.

அடுத்த மவுசு எதற்கு என்ற கேள்விக்கே இப்போது வேறு பதில் வருகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான காலப் கருத்துக் கணிப்பின்படி, அமெரிக்காவில் மது அருந்துவதாகச் சொன்ன பெரியவர்கள் 54 சதவீதம் மட்டுமே. 1939 முதல் கேட்டு வரும் கேள்விக்கு இதுவரை இவ்வளவு குறைவான பதில் வந்ததில்லை. உலகிலேயே அதிகம் டெக்கீலா குடிக்கும் நாடு அதுதான். விலை 30 பெசோ விற்ற 2021, 2022 ஆண்டுகளில் ஹலிஸ்கோ விவசாயிகள் நட்ட கன்றுகள் இன்னும் முற்றவில்லை. அவை வெட்டுக்கு வருவது 2028 வாக்கில்.