ஒரு பிக்கப் போதும் சாமி!

மக்களே, இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா போடணும்னு நினைச்ச ஒரு சண்டையை இன்னிக்கு போட்டுடறேன். எலக்ட்ரிக் கிடார் கத்துக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரே ஒரு பிக்கப் வச்ச, விலை கம்மியான கிடார் போதும். போதும் மட்டுமில்ல, அதுதான் நல்லது.

கிடார் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. காந்தம், அதைச் சுத்தி மெல்லிசான செப்புக் கம்பிச் சுருள், இதுதான் பிக்கப். மேல ஸ்டீல் கம்பி அதிர்ந்தா சுருள்ல கொஞ்சூண்டு கரெண்ட் வரும், ஆம்ப் அதைப் பெருசாக்கி சத்தமாக்கும். கிடார்ல பொதுவா ரெண்டு மூணு பிக்கப் இருக்கும், எது வேணும்னு மாத்த ஒரு சுவிட்சும் இருக்கும்.

இப்ப கொசுவத்தி சுத்திக்கோங்க. பொட்டி தட்ட ஆரம்பிச்ச முதல் வருஷம், இஎம்ஐ போட்டு மூணு பிக்கப் கிடார் வாங்கினேன். அஞ்சு நிலை சுவிட்ச். கூடவே நூத்துக்கு மேல சவுண்டு இருக்கற எஃபெக்ட்ஸ் பொட்டி. தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் உக்காருவேன். அதுல அம்பது நிமிஷம் சுவிட்சைத் திருப்பறதும் சவுண்டு தேடறதும்தான். ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, முழுசா வாசிக்கத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணுகூட கிடையாது. ஊர்லேர்ந்து வந்த அப்பா ஒரு நாள் சொன்னார், "வாங்குறதுல இருக்கற சுறுசுறுப்பு வாசிக்கிறதுல இல்லியேடா." கோபம்கூட வரல. உண்மைய சொன்னா எப்படி வரும்?

எல்லாத்தையும் வித்தேன். வந்த காசுல பாதிக்கும் கம்மியா ஒரு பழைய கிடார் வாங்கினேன். பிரிட்ஜ் பக்கத்துல ஒரே ஒரு பி-90 பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். அவ்ளோதான்.

இது ஏதோ ஏழை வீட்டுச் சாமான்னு நினைக்காதீங்க. ஃபெண்டர் கம்பெனி 1950-ல கொண்டுவந்த எஸ்கொயர்ல ஒரே பிக்கப்தான். கிப்சன் 1954-ல மாணவர்களுக்காகவே லெஸ் பால் ஜூனியரை இறக்கினாங்க, விலை 100 டாலருக்குள்ள. பளபளப்பு, அலங்காரம் எல்லாத்தையும் வெட்டிட்டு ஒரு பலகை, ஒரு பி-90. மவுண்டன் குழுவோட லெஸ்லி வெஸ்ட் அதை வச்சுத்தான் பேர் வாங்கினார். எடி வான் ஹேலன் 50 டாலர் உடம்பையும் 80 டாலர் கழுத்தையும் சேர்த்து தானே ஒட்டுப்போட்ட கிடார்லயும் பிரிட்ஜ்கிட்ட இருந்த ஒரே பிக்கப்தான் வேலை செஞ்சுது. 1978-ல வந்த அவங்க முதல் ஆல்பத்தைக் கேட்டவங்களுக்கு மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம்.

சுவிட்ச் இல்லாட்டி என்ன ஆகும்? கைதான் சுவிட்ச். பிரிட்ஜ் பக்கம் மீட்டினா கூரா இருக்கும், கழுத்துப் பக்கம் நகர்ந்து மீட்டினா மெத்துன்னு வரும். வால்யூமைக் குறைச்சா ஆம்போட கரகரப்பு அடங்கும். டோனைக் குறைச்சா கீச்சு போகும். இதெல்லாம் மூணு பிக்கப் கிடார்லயும் இருந்துச்சு. ஆனா சுவிட்ச் இருந்தவரைக்கும் நான் அந்தப் பக்கமே போகல. நம்ம வேலையிலயும் அப்படித்தானே? எடிட்டர்ல கலர் தீம் மாத்திட்டே இருப்போம், கோடு மட்டும் அப்படியே கெடக்கும்.

மைனஸ் இல்லாம இல்ல. கழுத்துப் பக்க பிக்கப்போட அந்த உருண்டையான சத்தம் முழுசா வராது. ஜாஸ்தான் வாசிப்பேன்னு முடிவு பண்ணவங்க வேற பாருங்க. பி-90 ஒத்தைச் சுருள் வகை, அதனால வீட்டு ஒயரிங்கோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும்.

எங்க வேளச்சேரி வாடகை வீட்டுல அது தேனீக்கூடு மாதிரி இரைஞ்சுது. நான் பிக்கப்பைத் திட்டிட்டு இருந்தேன். அடுத்த தடவை வந்த அப்பா, மின்வாரியத்துல வேலை பார்த்து ரிடையர் ஆனவர், டெஸ்ட் லேம்ப் வச்சுப் பார்த்துட்டு "எர்த்தே இல்லடா இங்க"ன்னார். கிடார் கம்பியெல்லாம் ஆம்ப் வழியா எர்த்தோட சேர்ந்துதான் இருக்கு. அது இல்லாம வாசிக்கிறது ஆபத்துன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது. பெட்டிக்குள்ள எர்த் ஒயர் கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு. மாட்டினதும் இரைச்சல் பாதி குறைஞ்சுது, மீதி பி-90 பிறவிக் குணம்.

"சரி, ஏதாவது வாசி"ன்னார். 'இளைய நிலா' வாசிச்சேன், வால்யூம் நாலுல, டோனைக் கொஞ்சம் குறைச்சு. ரெண்டு இடத்துல தப்பு. ஆனா கடைசி வரைக்கும் நிறுத்தல. "முழுசா வாசிச்சிட்டியே"ன்னார். நல்லா இருக்குன்னு சொல்லல. எனக்கு அது போதும்.

அதனால வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. மிச்சமாகிற காசுல இன்னொரு பெடல் வாங்காதீங்க. நல்ல கைகிட்ட கொடுத்து கழுத்து வளைவு, கம்பி உயரம், 12-வது ஃப்ரெட்ல சுதி எல்லாம் சரி பண்ணி, புதுக் கம்பி மாட்டுங்க. விரல் வலிக்காத கிடாரைத்தான் மறுநாளும் கையில எடுப்போம்.

டிஸ்கி: மூணு பிக்கப் வச்சிருந்தும் முழுப்பாட்டு வாசிக்கிறவங்க சண்டைக்கு வரலாம். உங்க மேல பொறாமை மட்டும்தான், ஹி ஹி.