தாய்லாந்தில் மூணாங்கிளாஸ், மட்டாஞ்சேரியில் இன்னோவா

யாரையும் பேர் சொல்லித் திட்டப் போறதில்லை. திட்ட வேண்டிய பட்டியல்ல முதல் ஆள் நானே என்பதால் தைரியமா மேலே படிக்கலாம்.

நம்ம ஆளுங்ககிட்ட ஒரு வினோதமான வியாதி இருக்கு. ஆணி புடுங்குறதுக்கு நடுவுல அஞ்சாறு நாள் லீவு கிடைச்சா சிங்கப்பூர்ல இருந்து தாய்லாந்துக்குக் கிளம்புவோம். விமானத்துல போனா கெத்து இல்லையாம். கோலாலம்பூர் வரைக்கும் பஸ், அங்கேருந்து ரயில்ல பாடாங் பெசார். அந்த ஒரே ஸ்டேஷனுக்குள்ளேயே மலேசியக் குடிநுழைவையும் தாய்லாந்துக் குடிநுழைவையும் முடிச்சு, ஹாட் யாய் போய், ராத்திரி ரயில்ல பாங்காக். அங்கே சாவோ பிரயா ஆத்துல பயணிகள் படகு, நின்னுக்கிட்டே. அப்புறம் மூணாங்கிளாஸ் பெட்டி, மேலே சுத்துற ஃபேன், தொறந்த ஜன்னல், கூடையில கோழி வறுவல் விக்கிற அம்மா. எல்லாத்தையும் முந்நூறு போட்டோ எடுத்து வந்து, வீட்டுக்கு வர்றவங்களை உக்கார வெச்சுக் காட்டுவோம். "மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டுட்டு, அவங்க வாயைத் தொறக்கிறதுக்குள்ள நாமே தொகையைச் சொல்லிடுவோம். எவ்வளவு கம்மியோ அவ்வளவு பெருமை.

அதே குடும்பம் டிசம்பர்ல ஊருக்கு வந்தா? திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசல்லயே இன்னோவா நிக்கும். அடுத்த மூணு வாரமும் அதுக்குள்ளதான் வாசம். கோயிலுக்கு அது, கல்யாணத்துக்கு அது, தெருமுனைச் சித்தி வீட்டுக்கும் அது. பசங்க இந்தியாவைக் கண்ணாடி வழியாப் பாத்துட்டுத் திரும்பிடும்.

2019 டிசம்பர்ல நானும் அதைத்தான் செஞ்சேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

எங்க அப்பா மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுல ஒரு மிளகு, சுக்கு மண்டியில கணக்குப்பிள்ளை. இருபத்தி ரெண்டு வருசம். நாங்க அம்மாவோட தென்காசியில. முழுப்பரீட்சை லீவு விட்டதும் அம்மா எங்க மூணு பேரையும் ரெண்டு தூக்குச்சட்டியையும் கூட்டிக்கிட்டு கிளம்புவாங்க. மீட்டர்கேஜ் ரயில்ல மலையேறி, குகைக்குள்ள புகுந்து, பதிமூணு கண் பாலத்தைத் தாண்டிக் கொல்லம். அங்கே அகல ரயிலுக்கு மாறி எர்ணாகுளம். அப்புறம் ஜெட்டியில படகு. படகு மட்டாஞ்சேரியை நெருங்கும்போது கட்டடம் கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி சுக்கு வாசனை வந்துடும். கரையில அப்பா நிப்பார். அவர் சட்டையிலயும் அதே வாசனை.

அப்பா போய் ரொம்ப வருசம் ஆச்சு. "ஒருக்கா கொச்சியப் பாத்துட்டு வந்துரணும்யா"ன்னு அம்மா அப்பப்ப சொல்லுவாங்க. சொன்னதும் மகன் சிங்கப்பூர்க்காரன் இல்லையா, உடனே வண்டி புக் பண்ணேன். மூணு நாளைக்குப் பதினாலாயிரம்.

டிரைவர் நல்ல மனுசன். ஆனா அவர்கிட்ட ஒரு பட்டியல் இருந்தது. டச்சு அரண்மனை, யூதர் கோயில், சீன வலை, நடுவுல அவருக்குத் தெரிஞ்ச ஒரு மசாலாக் கடை (ஏன்னு உங்களுக்குத் தெரியும்). பஜார் ரோடுன்னு கேட்டதுக்கு, "லாரி இறக்குவாங்க சார், வண்டி திருப்ப முடியாது, பாக்கவும் ஒண்ணும் இல்ல"ன்னார். ஒரு சந்து முனையில அம்மா திடீர்னு நிமிர்ந்து உக்காந்து, "எய்யா, இங்கன எறக்கிவிடச் சொல்லேன்"னாங்க. நான் வாட்சைப் பாத்தேன். ஆறு மணிக்குக் கதகளி டிக்கெட் எடுத்திருந்தோம். "அடுத்த தடவை பாத்துக்கலாம்மா."

அப்பா இருபத்தி ரெண்டு வருசம் வேலை பாத்த ஊர்ல நாங்க இருந்தது ரெண்டே முக்கால் மணி நேரம். ஏசிக்காகக் கண்ணாடி ஏத்தியே இருந்தது. மறுநாள் திரும்பி வரும்போது சேர்த்தலை தாண்டினதும் அம்மா கேட்டாங்க, "கண்ணாடிய கொஞ்சம் எறக்கச் சொல்லுதியா?" இறக்கினோம். ஹைவே புழுதிதான் வந்தது.

இனி சண்டைக்கு வர்றேன்.

இதைப் பேச ஆரம்பிச்சாலே நண்பர்கள் தயாரா வெச்சிருக்கிற பதில்கள் எனக்கு மனப்பாடம். வெயில். தாய்லாந்துல ஏப்ரல் மாசம் வெயிலே இல்லையா? கூட்டம். பாங்காக் படகுல கால் வைக்க இடமில்லாமத் தொங்கினதைத்தானே ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கீங்க? கழிப்பறை. இது நியாயமான புகார், ஒத்துக்கிறேன். ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் அதே நாத்தத்துக்கு "அனுபவம்"னு பேர் வெச்சது யாரு? நேரமில்லை. மூணு வாரத்துல ஒரு வாரம் மால்ல கழியுது, மக்களே.

உண்மைக் காரணம் வேற. எனக்கு அது தெரியும், ஏன்னா என்கிட்டயும் அது இருந்தது. ஊர்ல பஸ்ஸுக்கு நின்னா யாராவது பாத்துடுவாங்க. "வெளிநாட்டுல இருந்து வந்தும் இவன் இப்படித்தான் போறானா?"ன்னு ஒரு பேச்சு வரும். மச்சான் சிரிப்பார். தாய்லாந்துல நம்மளை யாருக்கும் தெரியாது, அதனால ஏழை வேசம் போடலாம். ஊர்ல அது வேசம் இல்லை, பழைய சட்டை. அதைத் திரும்பப் போட்டா ஒட்டிக்குமோன்னு பயம்.

தாய்லாந்து ரயிலையே குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. ஒரு விசயம் அந்த ரயில்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. காஞ்சனபுரியில இருந்து நாம் டோக் வரைக்கும் இன்னைக்கும் ஓடுற அந்த மெதுவான ரயில், 1942-43ல ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதையில மிச்சமிருக்கிற துண்டு. மலாயா ரப்பர் தோட்டங்கள்ல இருந்து கொண்டு போன நம்ம தமிழ் ஆளுங்க பல்லாயிரம் பேர் அதுல செத்தாங்க. காஞ்சனபுரி போர்க்கல்லறையில கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறை இருக்கு, எல்லாம் பிடிபட்ட நேச நாட்டுச் சிப்பாய்கள். புல்லை அவ்வளவு அழகா வெட்டி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு கல்லாப் படிச்சுக்கிட்டே போன என் பொண்ணு, "நம்ம பேரு எங்கப்பா?"ன்னா. அங்கே இல்லை. அடுத்த ரயிலுக்கு ரெண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டி இருந்ததால அவளுக்கு அதைச் சொல்ல முடிஞ்சது. வேன்ல போயிருந்தா பாலத்துல ஒரு செல்ஃபியோட முடிஞ்சிருக்கும்.

சயாம் போன கூலிக்காரனைத் தேடின அந்தப் பொண்ணுக்கு, மட்டாஞ்சேரி போன தாத்தாவைக் காட்ட எனக்கு நேரமில்லை. கதகளி டிக்கெட் எடுத்திருந்தேன்!

இன்னொண்ணு. நாம ஏறாத வண்டிகளுக்கு என்ன ஆகுதுன்னு நமக்குத் தெரியுறதே இல்லை. கொச்சிக்கு ரயில் சும்மா வரலை. 1902ல சொர்ணூர்–எர்ணாகுளம் பாதை போட, திருப்பூணித்துறைக் கோயில் யானைகளோட தங்க நெத்திப்பட்டங்களை வித்துப் பணம் சேர்த்தார் கொச்சி ராஜா. அப்புறம் துறைமுகத்துக்காகத் தோண்டின மண்ணுல எழுந்த வெலிங்டன் தீவுக்கே ரயில் போச்சு. ஐலண்ட் எக்ஸ்பிரஸ்னு ஒரு பேரைக் கேட்டிருப்பீங்களே, அந்த ஐலண்ட் இந்தத் தீவுதான். இன்னைக்கு அந்த ரயில் பெங்களூரு–கன்னியாகுமரி ஓடுது. தீவுல இருந்த கொச்சின் ஹார்பர் டெர்மினஸ்ல பயணிகள் ரயில் 2000-கள்லயே நின்னு போச்சு. நம்ம செங்கோட்டை–புனலூர் பாதையை அகலப்படுத்தறோம்னு 2010ல மூடினவங்க முழுசாத் திறந்தது 2018ல. மட்டாஞ்சேரி ஜெட்டியில சேறு படிஞ்சு அரசுப் படகு வர முடியாம வருசக்கணக்கா நின்னு கிடந்தது. இதுல எதுக்காவது நாம ஒரு மனு போட்டோமா? ஒரு போன்? தெரிஞ்சாத்தானே. நாம இன்னோவாவுக்குள்ள இருந்தோம்.

அந்த ஊர்ல இருக்கிறவங்களுக்கு இந்தப் படகு சுற்றுலா இல்லை, ஆபீசுக்குப் போற வழி. போக்கு இருக்கிறவங்க எல்லாரும் கார்ல ஏறிட்டா, மிச்சப் பேரோட குரலுக்கு ஜெட்டியில சேறு எடுக்க யாரும் வர மாட்டாங்க.

போன 2025 டிசம்பர்ல நான் வண்டி புக் பண்ணலை. வீட்டுல பெரிய ரகளை. தங்கமணி ரெண்டு நாள் பேசலை. "எழுவத்தி நாலு வயசுக்காரிய ரயில்ல இழுத்துட்டுப் போறியா"ன்னு அக்கா போன்ல பிடிச்சுக்கிட்டா. அம்மா மட்டும் அன்னைக்கு ராத்திரியே பை கட்டியாச்சு.

தூத்துக்குடியில இருந்து வர்ற பாலருவி எக்ஸ்பிரஸ் தென்காசிக்கு நடுராத்திரி தாண்டித்தான் வரும். காலையில எர்ணாகுளம் நார்த். ஒரு ஆட்டோ, ஹைகோர்ட் ஜெட்டி, வாட்டர் மெட்ரோ. 2023ல ஆரம்பிச்ச சேவை, மட்டாஞ்சேரி நிறுத்தம் 2025 அக்டோபர்லதான் திறந்தாங்க. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்துலயே செஞ்ச பேட்டரிப் படகு, நூறு பேர் போகலாம். அதிகபட்சக் கட்டணமே நாப்பது ரூபாய். எனக்குப் பிடிச்சது வேற: மிதக்குற மேடை படகோட தளத்துக்குச் சமமா இருக்கிறதால முட்டி வலிக்கிற அம்மா யார் கையையும் பிடிக்காம உள்ளே போனாங்க. குறையும் சொல்லிடறேன். அதுவும் ஏசி, அதுவும் கண்ணாடி. அம்மா முகத்தைப் பாத்தேன், ஒண்ணும் சொல்லலை.

கரையில இறங்கி பஜார் ரோட்டுல நடந்தோம். மெதுவா, மூணு இடத்துல உக்காந்து உக்காந்து. பாதிக் கிட்டங்கிகள் காப்பிக் கடையாவும் ஓவியக் கூடமாவும் ஆயிடுச்சு, பியனாலே நடக்கிற சமயம் வேற. அப்பா வேலை பாத்த மண்டி இருந்த இடத்துல மரச் சாமான் விக்கிறாங்க. அம்மா வாசல்ல நின்னு ஒரு நிமிசம் பாத்துட்டு நடந்தாங்க. எனக்குத் தொண்டை அடைச்சது, அவங்களுக்கு இல்லை. நாலு கடை தள்ளி ஒரு கிட்டங்கி வாசல்ல சாக்குகளைப் பிரிச்சு, பெண்கள் வரிசையா உக்காந்து சுக்கு தரம் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. தூசி பறந்தது. என் பொண்ணு நாலு தடவை தும்மினா.

"இதாம்ட்டி ஒங்க தாத்தா சட்ட வாசன"ன்னாங்க அம்மா.

அங்கே இருந்த ஒரு பெண்மணி மலையாளத்துல என்னவோ கேக்க, அம்மா இருபத்தி ரெண்டு வருச முழுப்பரீட்சை லீவு மலையாளத்தை எடுத்துவிட்டாங்க பாருங்க, எங்க யாருக்கும் அது தெரியும்னே தெரியாது. கால் மணி நேரம் பேச்சு. ஒரு துண்டு சுக்கைக் கையில வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

சாயங்காலம் ஃபோர்ட் கொச்சி வெளியில இருக்கிற சலவைத்துறைக்குப் போனோம். தலைமுறை தலைமுறையா அங்கே துவைக்கிற தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருக்கு. வெயில்ல கயித்துல தொங்குற வேட்டிகளுக்கு நடுவுல நம்ம பேச்சு காதுல விழுந்ததும் பசங்க முழிச்ச முழி இருக்கே! கதகளி பாக்கலை. திரும்பும்போது எர்ணாகுளத்துக்குப் பழைய அரசுப் படகுலயே ஏறினோம், பத்து ரூபாய்க்குள்ளதான் டிக்கெட், ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. அம்மா ஓரத்து சீட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஊருக்கு குருவாயூர்–மதுரை ரயில். பகல் வெளிச்சத்துல மலையைத் தாண்டும். பதிமூணு கண் பாலத்துல பசங்க எண்ணினாங்க, பன்னெண்டுதான் வந்தது, சண்டை போட்டுக்கிட்டாங்க.

அஞ்சு பேருக்கு ரயில் டிக்கெட் போகவர ரெண்டாயிரத்துச் சொச்சம். மச்சான்கிட்ட இந்தத் தொகையைச் சொன்னேன். சிரிச்சார். தாய்லாந்துத் தொகையைச் சொன்னப்ப "சூப்பர்டா மாப்ள"ன்னவர்தான் இவர்.

கிளம்பறவங்களுக்கு: ரயில் முன்பதிவு இப்ப அறுபது நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, 2024 நவம்பர்ல இருந்து. டிக்கெட் போடும்போது பெரியவங்க வயசைச் சரியாக் குறிப்பிட்டுக் கீழ் பெர்த் கேளுங்க. அரண்மனை வெள்ளிக்கிழமை லீவு, யூதர் கோயில் சனிக்கிழமை. பஜார் ரோட்டுக்கு லீவு கிடையாது, ஆனா காலையில போங்க, சாக்கு பிரிக்கிறது அப்பதான்.