யாருடைய அமைதி?

செங்கோட்டை நண்பரொருவர் பாபநாச அருவி ஓவியத்தின் படியைக் காட்டி, "என்னே அமைதி!" என வியந்தார். எனக்கு உடன்பாடில்லை. தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792இல் நெல்லைச் சீமைக்கு வந்து கண்ட காட்சி அது. அவர்களுடைய இந்தியப் படத்தொகுதிகள் 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்தன. அவ்வாண்டுகளிலேயே, 1799இல், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. பாவம் நீங்க நம் மக்கள் மூழ்கும் தீர்த்தம், படம் வாங்கிய சீமான்களுக்கு வரவேற்பறைக் காட்சி! ஓவியர்மீது எனக்குக் குறையில்லை, தேர்ந்த கைகள். பார்ப்பவர்மீதே என் வழக்கு. படைப்பைத் தியானிப்பது வேறு, அம்மண்ணில் துன்புற்றோரை மறப்பது வேறு. குற்றாலத்துச் சாரலில் நனைந்து வளர்ந்த நாமுமா இலண்டன் சீமானின் கண்களை இரவல் வாங்கவேண்டும்? நண்பர் இன்னும் விடை சொல்லவில்லை.