சராசரி பாடம் நடத்தாது

நாட்டில் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது என்று 2024-25ஆம் ஆண்டுக்கான யுடைஸ் அறிக்கையை வெளியிட்டு ஒன்றியக் கல்வி அமைச்சகம் பெருமிதம் கொண்டது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 21 மாணவர்கள் என்கிறது அந்த அறிக்கை. தேசியக் கல்விக் கொள்கை 2020 வகுத்த வரம்போ 30. எனவே இலக்கைத் தாண்டிய சாதனை இது என்பது அரசின் வாதம். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. நாட்டில் 1,04,125 பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள். அவற்றில் 33 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் படிக்கிறார்கள். இடைநிலைக் கட்டத்தில் நூற்றுக்கு எட்டு மாணவர்கள் படிப்பைக் கைவிடுகிறார்கள்.

பிற நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஓ.இ.சி.டி. அமைப்பின் உறுப்பு நாடுகளில் இடைநிலைக் கல்வியில் ஓர் ஆசிரியருக்குச் சராசரியாக 13 மாணவர்கள் உள்ளனர். பின்லாந்தின் கீழ் இடைநிலை வகுப்புகளில் இது ஒன்பது அளவில் இருக்கிறது. மக்கள் தொகையில் நம்மோடு ஒப்பிடத்தக்க சீனத்திலும் அதே கட்டத்தில் சுமார் 13தான். ‘மக்கள் தொகை அதிகம், என்ன செய்வது’ என்ற சாக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

ஆனால், இந்த ஒப்பீட்டைக் கவனமாகச் செய்ய வேண்டும். சீனத்தில் விகிதம் குறைவு. வகுப்பறையிலோ நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள். முரண்பாடு போலத் தோன்றினாலும் காரணம் எளிது. அங்கே ஓர் ஆசிரியர் வாரத்தில் குறைந்த பாடவேளைகளே வகுப்பெடுக்கிறார்; எஞ்சிய நேரம் பாடத் தயாரிப்புக்கும் சக ஆசிரியரின் வகுப்பைக் கவனித்துக் கற்பதற்கும் செலவாகிறது. கியூபாவின் அனுபவம் வேறொரு பாடம் தருகிறது. அமெரிக்கப் பொருளாதார முற்றுகைக்கு நடுவிலும் 2000களின் தொடக்கத்தில் கீழ் இடைநிலையில் 15 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று அந்நாடு திட்டமிட்டது. அப்போது, ஒரே ஆசிரியர் பெரும்பாலான பாடங்களை நடத்தும் முறையும் கொண்டுவரப்பட்டது. அந்த முறை நிலைக்கவில்லை; பாடவாரியான ஆசிரியர்களிடமே கியூபா திரும்ப வேண்டியிருந்தது. விகிதம் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது என்பதையே இரு நாடுகளும் காட்டுகின்றன.

இந்த அளவுகோலை நம் பள்ளிகள் மீது வைத்துப் பார்ப்போம். ஒன்பது, பத்து வகுப்புகளில் 60 மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள் உள்ள ஒரு கிராமப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். விகிதம் 30, ஏட்டளவில் குறை ஏதுமில்லை. ஆனால், இரண்டு மொழிகள், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தையும் அந்த இருவர் எப்படி நடத்துவார்கள்? கணித ஆசிரியரே இல்லாமல் ஒரு விவசாயத் தொழிலாளியின் மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதப் போகிறாள். அவள் தோற்றால், தோற்றவள் அவள் என்றுதான் பதிவாகும்.

தேசியச் சராசரி தனியார் பள்ளிகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. சிக்கிமில் பத்துக்கும் கீழே இருக்கும் விகிதம், ஜார்க்கண்டின் மேல்நிலை வகுப்புகளில் நாற்பதைத் தாண்டுகிறது. குறைந்த ஊதியத்தில் உழலும் ஒப்பந்த, கௌரவ ஆசிரியர்களும் இக்கணக்கில் அடக்கம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணிக்கு அனுப்பப்பட்ட ஆசிரியரும் வகுப்பில் இருப்பதாகவே ஏடு சொல்லும். 11 லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோவின் இந்தியக் கல்வி நிலை அறிக்கை 2021லேயே எச்சரித்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பதோடு நிற்கவில்லை. அறிவியல்-கணிதம், சமூகவியல், மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்கிறது. பாட ஆசிரியர் மிகவும் தேவைப்படும் ஒன்பதாம் வகுப்பின் வாசலில் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை சட்டத்தை நீட்டிக்க 2019ஆம் ஆண்டின் வரைவுக் கொள்கை பரிந்துரைத்தது. 2020இல் வந்த இறுதிக் கொள்கையில் அந்த உறுதிமொழி காணாமல் போனது.

மாறாக, விகிதக் கணக்கே பள்ளிகளை மூடும் கருவியாக்கப்படுகிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்த தொடக்கப் பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க உத்தரப் பிரதேச பாஜக அரசு 2025 ஜூன் மாதம் ஆணையிட்டது. இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கினால் ஏட்டில் விகிதம் சீராகும். தலித், சிறுபான்மை, ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பள்ளி தூரமாகும். தொடக்கப் பள்ளியில் நடப்பது நாளை உயர்நிலைப் பள்ளிக்கும் வரும். தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி குழு 1966இல் கூறியது. அந்த இலக்கு இன்றுவரை எட்டப்படவில்லை. இந்நிலையில், பிஎம்ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததற்காகத் தமிழ்நாட்டின் 2024-25ஆம் ஆண்டுக்கான கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்த அரசு, ஆசிரியர் எண்ணிக்கை குறித்துப் பெருமை பேசுவது கேலிக்கூத்து.

கல்வி உரிமைச் சட்டம் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட வேண்டும். பள்ளிவாரியாக, பாடவாரியாக ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்பட்டு, காலியிடங்கள் நிரந்தர நியமனத்தால் நிரப்பப்பட வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்கள் பணிவரன்முறை செய்யப்பட வேண்டும். பள்ளி இணைப்பு ஆணைகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

நம் கிளைகள் இதைத் தத்தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். அருகிலுள்ள அரசுப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்ற பட்டியலைப் பெற்றோரோடும் ஆசிரியர், மாணவர் சங்கங்களோடும் சேர்ந்து தயாரிப்போம். சராசரியின் பின்னால் மறைக்கப்பட்டிருக்கும் வெற்று நாற்காலிகளை மக்கள் முன் வைப்போம். அவை நிரம்பும் வரை போராடுவோம்.