பாட்டுக்கு யார் பெயரில் பட்டா?

2020ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகள் 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது. அவர் இருளர் சமூகத்துப் பெண்மணி. ஆடு மாடு மேய்த்து வாழ்ந்தவர். சச்சி இயக்கத்தில், ஜேக்ஸ் பிஜாய் இசையமைப்பில் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படத்தில் அவர் பாடியது இருள மொழிப் பாட்டு. குரல் மட்டுமல்ல, சொற்களும் அவருடையவையே. தமிழுக்கு மிக நெருங்கிய அந்த மொழியின் பாட்டு, கேரளம் முழுவதிலும் வீட்டுக்கு வீடு ஒலித்தது.

விருது அறிவிக்கப்பட்டதுமே ஓர் ஆட்சேபமும் எழுந்தது. ஆண்டுக் கணக்கில் முறையாகச் சங்கீதம் பயின்று, சாதகம் செய்து பாடுகிறவர்களை விட்டுவிட்டு, சுருதிப் பயிற்சி இல்லாத ஒருவருக்கு இந்த விருதா என்று இசைத்துறையைச் சேர்ந்த சிலர் கேட்டனர். வேறு பல இசைக் கலைஞர்கள் நஞ்சியம்மாவின் பக்கம் நின்றனர். சில நாட்களில் சர்ச்சை அடங்கியது.

ஆனால் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. வயலிலும் தோட்டத்திலும் காட்டிலும் பிறந்த பாட்டுகளை எடுத்துக்கொண்டுதான் சினிமா இசை வளர்ந்திருக்கிறது. அந்தப் பாட்டுகளைக் கொடுத்தவர்களில் எத்தனை பேருடைய பெயர் இன்று தெரியும்? நஞ்சியம்மாவின் கதையில் அதிசயம் விருது அல்ல; பாட்டோடு சேர்ந்து பாடியவரின் பெயரும் மலையிறங்கி வந்ததுதான் அதிசயம்.

பருத்திக் காட்டுப் பாட்டு

இந்தக் கேள்வி இந்த மலைகளோடு முடிவதல்ல. உலகமே கேட்டு ஆடிய ராக் இசையின் கதையும் இதுதான்.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலம் பருத்தி விளையும் பூமி. 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னரும், அங்கிருந்த கறுப்பின மக்கள் நிலச்சொந்தக்காரர்களிடம் கடன்பட்டு வாரத்துக்குப் பயிரிடுகிறவர்களாகவே காலம் தள்ளினர். வேலை நேரத்தில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. நடவுப் பாட்டிலும் கும்மியிலும் தமிழ்ப் பெண்கள் செய்வதும் அதுவே. அங்கே அந்த வழக்கத்திலிருந்து கிளைத்ததுதான் ‘புளூஸ்’ என்ற பாட்டு வகை. முதலடியை இரண்டு தடவை பாடி, மூன்றாவது அடியில் பதில் சொல்லி முடிப்பது அதன் பொதுவான அமைப்பு. பசி, பிரிவு, போலீஸ் அடி, வெள்ளம், ஊரைவிட்டுப் போகும் ரயில் இவையெல்லாம் அதன் பொருள்.

1941இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸ் என்பவர் பதிவுக் கருவியுடன் அந்தப் பருத்தித் தோட்டங்களுக்குச் சென்றார். அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் பாட்டைப் பதிவு செய்தார். ‘மடி வாட்டர்ஸ்’ என்று பின்னாளில் உலகம் அறிந்த பாடகர் அவர்தான். 1943இல் அவர் பிழைப்புத் தேடிச் சிகாகோ நகரம் சென்றார். நகரத்துச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று மின்சார கிதாரைக் கையில் எடுத்தார். 1950இல் அவர் வெளியிட்ட ஒரு பாட்டின் தலைப்பிலிருந்துதான் 1962இல் லண்டனில் தோன்றிய ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழு தன் பெயரையே எடுத்துக்கொண்டது. பாட்டுக்கு மேல் பாட்டாக அவர்களும் மற்றவர்களும் புளூஸிலிருந்து எடுத்தனர். ராக் இசை அப்படித்தான் வளர்ந்தது.

எடுத்ததில் தவறில்லை. கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி. ஆர்தர் கிரடப் என்ற மிசிசிப்பிப் பாடகர் 1946இல் பதிவு செய்த ஒரு பாட்டைப் பாடித்தான் 1954இல் எல்விஸ் பிரெஸ்லி முதல் இசைத்தட்டை வெளியிட்டுப் புகழேணியில் கால் வைத்தார். எல்விஸ் கோடீஸ்வரர் ஆனார். கிரடப்போ தமக்குச் சேர வேண்டிய உரிமைத் தொகை கைக்கு வராமல், பண்ணைக் கூலியாகவே வயிறு வளர்த்து 1974இல் மறைந்தார். வில்லி டிக்சன் என்ற மற்றொரு பாடலாசிரியர் சும்மா இருக்கவில்லை. ‘லெட் செப்பலின்’ என்ற பிரபல ராக் குழு 1969இல் வெளியிட்ட பாட்டில் தம்முடைய பாட்டு இருக்கிறது என்று 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் சமரசம் ஏற்பட்டது. பிறகு வந்த பதிப்புகளில் அவர் பெயரும் ஏறியது. டிக்சனால் வழக்குப் போட முடிந்ததற்குக் காரணம், அவருடைய பாட்டு அவர் பெயரிலேயே எழுத்தில் பதிவாகியிருந்தது. பெயர் பதிவாகாதவர்களுக்கு நீதிமன்றத்தின் வாசலும் இல்லை.

ஏலமலையிலிருந்து கோடம்பாக்கம்

தமிழகத்திலும் இது போன்ற ஒரு திருப்பம் நிகழ்ந்தது. ‘ஆராதனா’, ‘பாபி’ என்று இந்திப் பாட்டுகள் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளைப் பிடித்திருந்த காலத்தில், 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. வயல்வெளிப் பாட்டின் மணம் அந்தப் படத்தின் இசையில் இருந்தது. இந்திப் பாட்டின் ஆதிக்கம் ஆட்டம் கண்டது. இசையமைத்த இளையராஜா 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அந்த ஊர் இடுக்கி எல்லை மலைகளின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் தேவிகுளம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வெற்றி பெற்றார். அந்தப் பிரசாரத்தில் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடியவர்களில் பாவலரும் ஒருவர். பதினான்கு வயதில் தம்பியும் அண்ணனின் குழுவில் சேர்ந்தார். தோட்டத்துக் கூட்டங்களில் சாதாரணத் தொழிலாளியின் காதுக்கும் நெஞ்சுக்கும் எட்டும்படி பாடிப் பழகிய இசைதான் பின்னர் கோடம்பாக்கம் சென்றது.

அமெரிக்கக் கதைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அங்கே பாட்டைக் கொண்டுபோய்ப் பணம் பண்ணியவர்கள் பெரும்பாலும் அன்னியர்கள். இங்கே கொண்டுபோனவர் அந்த மண்ணிலேயே பிறந்து, அதே பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். அவரைக் குறை சொல்ல எவருக்கும் இடமில்லை. அந்தப் பாட்டுக்கு உலக மரியாதை தேடித் தந்தவர் அவர். ஆயினும் அவர் சிறுவயதில் கேட்ட நாற்று நடும் பெண்களின், களையெடுக்கும் பெண்களின் பெயர்கள் எந்த இசைத்தட்டின் உறையிலும் இல்லை. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. பாட்டுக்காரியின் பெயரைக் கேட்டு எழுதிவைக்கும் பழக்கமே இல்லாமல் போயிற்று.

பதிவு எத்தனை முக்கியம் என்பதை இளையராஜாவே காட்டியிருக்கிறார். 1991இல் வந்த ‘குணா’ படத்தின் பாட்டை அனுமதியின்றி எடுத்தாண்டதாக ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ மலையாளப் படத் தயாரிப்பாளர்களுக்கு 2024இல் அவருடைய வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். உரிமை கோருவது ஒரு கலைஞரின் உரிமை. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1994இல் திருத்தப்பட்டு நிகழ்த்தும் கலைஞர்களுக்கும் உரிமை வந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமைத் தொகைக்கு வலுச் சேர்த்தது. ஆனால் பெயர் இல்லாத பாட்டுக்கு இந்தச் சட்டத்தால் என்ன பயன்? ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டால் போதும். அது புறம்போக்கு நிலம் மாதிரி, யார் வேண்டுமானாலும் வேலி போடலாம். அட்டப்பாடியிலும் இடுக்கியிலும் வாழ்கிறவர்களுக்குப் பட்டா இல்லாத நிலத்தின் கஷ்டத்தை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பாட்டு ஊருக்குப் பொது, அதற்குத் தனிச் சொந்தக்காரர் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஒருத்தி பாடியதை இன்னொருத்தி மாற்றிப் பாடியே பாட்டு வளர்கிறது. கடன் வாங்குவதைத் தடுத்தால் இசையே நின்றுபோகும். ராக்கும் பிறந்திராது, ‘அன்னக்கிளி’யும் வந்திராது. ஆகையால் கேட்பது தடை அல்ல. எந்த ஊரில், யார் வாயிலிருந்து கேட்டது என்ற ஒரு வரி. பணம் வந்தால் அதில் ஒரு பங்கு. ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தால் பெயர் போட முடிந்தது என்றால் மற்றவர்களாலும் முடியும்.

லயத்தோடு போகும் பாட்டு

இதில் தாமதத்துக்கு இடமில்லை. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் காடாய்க் கிடந்ததைத் தோட்டமாக்கியவர்கள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் மலையேறிய தமிழர்கள். தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் அவர்களோடு சேர்ந்து ஏறின. பாலக்காட்டுப் பக்கமோ கேட்கவே வேண்டாம். சிற்றூர் வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. கண்யார்களி ஆட்டத்தின் பாட்டுகளிலேயே தமிழ் உண்டு.

தோட்டத் தொழிலாளிக்கு வேலை இருக்கும்வரைதான் லயத்தில் வீடு. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து, மறந்துபோன சொந்த ஊருக்கோ பிள்ளைகள் இருக்கும் நகரத்துக்கோ போக வேண்டும். சேர்ந்து பாடியவர்கள் ஆளுக்கொரு திசையாய்ப் பிரிகிறார்கள். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். போகட்டும், அதுதான் பெற்றோரின் ஆசை. கொழுந்து கிள்ள இப்போது அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது உயிர்கள் போயின. போனவர்களோடு என்னென்ன போயிற்று என்பதை இனி யாரும் எழுத முடியாது.

எழுதிவைத்தவர்கள் இல்லாமல் இல்லை. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய தமிழ் நாட்டுப் பாடல்கள் கி.வா.ஜகந்நாதனால் ‘மலையருவி’ என்ற பெயரில் பதிப்பிக்கப்பட்டன. நா.வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ பலருக்கு வழிகாட்டியது. இலங்கையில் 1947இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சி.வி.வேலுப்பிள்ளை, மலையகத் தோட்டத் தொழிலாளரின் பாடல்களைத் திரட்டினார். கங்காணியின் கொடுமையும் தோட்டத்தின் துயரமும் எந்த அரசாங்கப் புத்தகத்தையும்விடத் தெளிவாக அந்தப் பாட்டுகளில் பதிந்திருக்கின்றன. அதே அக்கறையோடு மூணாற்றின், பீர்மேட்டின், சிற்றூரின், அட்டப்பாடியின் பாட்டுகளும் ஊர் ஊராகத் திரட்டப்பட வேண்டும்.

இதற்குப் பண்டிதர்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. லோமாக்ஸ் காரில் ஏற்றிச் சென்ற கருவியைவிட நல்ல கருவி இன்று ஒவ்வொரு தொழிலாளியின் சட்டைப் பையிலும் இருக்கிறது. தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவனையும் பாட்டியிடம் ஒரு பாட்டாவது கேட்டு எழுதிவரச் சொல்லலாம். தொழிற்சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஆண்டு விழாவுக்குச் சினிமாக் கச்சேரி வைப்பதோடு, தோட்டத்து மூதாட்டிகளை மேடையேற்றிப் பதிவு செய்யலாம். பாடியவரின் பெயர், ஊர், எஸ்டேட், டிவிஷன், யாரிடம் கற்றார், எந்தத் தேதியில் பாடினார் என்ற விவரங்களை மறக்காமல் குறிக்க வேண்டும். கண்ணூரில் கேரள நாட்டார் கலை அகாதமி இருக்கிறது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்குத் தனித் துறையே கண்டது. திரட்டியதன் பிரதிகளை இத்தகைய இடங்களில் சேர்த்துவிட்டால் அழியாது. கொழுந்து கிள்ள வந்திருக்கும் ஜார்க்கண்டுப் பெண்ணின் பாட்டுக்கும் இதே மரியாதை கொடுக்க வேண்டும். நாளை அவளும் பெயரற்றுப் போகக்கூடாது.

நூறாண்டுக்கு மேலாக இந்த மலைகளில் தமிழர் கிள்ளிய கொழுந்து பெட்டி பெட்டியாய்ச் சீமைக்குப் போயிற்று. பெட்டியின்மேல் தோட்டத்தின் பெயர் இருந்தது. கிள்ளியவளின் பெயர் இல்லை. தேயிலை விஷயத்தில் நடந்தது நடந்துவிட்டது. பாட்டு விஷயத்திலும் அப்படியே நடக்க விடலாமா என்பதை, பாட்டியின் பாட்டு இன்னும் காதில் இருக்கும் ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டும்.